மியூசிக்கல் தியேட்டர் படிக்கக் கல்லூரிக்குப் போகத்தான் வேண்டுமா?

கேட்டவர் ஒரு அம்மா. குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது, மகள் பதினோராம் வகுப்பு. சின்ன வயதிலிருந்து கர்நாடகப் பாட்டு, பரதநாட்டியம், கடந்த இரண்டு வருடமாகப் பள்ளியின் இசை நாடகங்களில் பெரிய வேடங்கள். இப்போது கல்லூரியில் மியூசிக்கல் தியேட்டர்தான், அதாவது பாட்டும் ஆட்டமும் நடிப்பும் சேர்ந்த இசை நாடகம்தான் படிப்பேன் என்கிறாள். "நாலு வருடம், இவ்வளவு பணம். படிக்காமலே நேராக நியூயார்க் போய் ஆடிஷன் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்களே. படிப்பு நிஜமாகவே உதவுமா? எதைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?" இதுதான் அவர் கேள்வி.

நான் பியானோ வாசிக்கிறவன். பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கல்லூரி ஆடிஷன்களிலும் குரல் வகுப்புகளிலும் பாடுகிற பிள்ளைகளுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கிற மேசையில் எனக்கு இடமில்லை. ஆனால் பதினேழு வயதில் உள்ளே வந்தவர்கள் இருபத்தியொரு வயதில் எப்படி வெளியே போகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

படிப்பு உதவும். பட்டத்தை யாரும் கேட்கப்போவதில்லை. ரெஸ்யூமேயின் அடியில் 'பயிற்சி' என்ற இடத்தில் கல்லூரிப் பெயர் ஒரு வரியில் இருக்கும், அதற்கு மேல் அந்தக் காகிதத்துக்கு வேலை இல்லை. இந்தத் துறையில் பெரிய பெயர் எடுத்தவர்கள் வந்த வழியைப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஆட்ரா மெக்டொனால்ட் நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியில் படித்தது கிளாசிக்கல் பாட்டு. கெல்லி ஓஹாரா ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்தில் ஓபரா படித்தவர். சட்டன் ஃபாஸ்டர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் மட்டும் இருந்துவிட்டு மேடைக்குப் போய்விட்டார். ஜொனாதன் கிராஃபுக்கும் அதே கல்லூரியில் இடம் கிடைத்தது. சுற்றுப்பயண நாடகம் ஒன்றில் வாய்ப்பு வந்ததால் சேருவதைத் தள்ளிப்போட்டு, அப்படியே நியூயார்க் போய்விட்டார். ஆகவே கல்லூரி இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் படிக்காமல் போனவர்கள் பெரும்பாலும் பதினெட்டு வயதிலேயே ஒரு நிகழ்ச்சியை எட்டு தடவை ஒரே வாரத்தில் பாடி ஆடித் தாங்குகிற நிலையில் இருந்தவர்கள். உங்கள் மகள் அந்த நிலையில் இருக்கிறாளா என்பதை அவள் குரல் ஆசிரியரும் நடன ஆசிரியரும் நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். இல்லை என்றால் அது குறை ஒன்றும் இல்லை, பெரும்பாலானவர்கள் அந்த வயதில் அப்படி இருப்பதில்லை.

சரி, நாலு வருடத்தில் என்னதான் நடக்கிறது? ஒரு காலத்தில் பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில், பாடுகிற கோரஸ் குழு தனி, ஆடுகிற கோரஸ் குழு தனி. பிறகு ஒரே ஆள் பாடவும் ஆடவும் நடிக்கவும் வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் பட்டப்படிப்பு பழையது அல்ல. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி 1960களின் கடைசியில் தொடங்கியதைத்தான் முதல் முயற்சி என்று சொல்வார்கள். நாடகத்துக்கு மட்டுமான பட்டம் கார்னகி மெலனில் 1914லேயே வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு சாதாரண நாள் இப்படிப் போகும்: காலை எட்டரைக்கு பாலே, அதன் பிறகு நடிப்பு வகுப்பு, மதியம் இசைக் கோட்பாடும் நொட்டேஷனைப் பார்த்தவுடனே பாடும் பயிற்சியும், ஒரு தனிக் குரல் பாடம், சாயங்காலம் ஜாஸ் அல்லது டாப் நடனம், ஆறரைக்கு ஆரம்பித்து இரவு பத்து வரை ஒத்திகை. மறுநாள் காலை எட்டரைக்கு மறுபடியும் பாலே. களைப்பான உடம்போடு சுத்தமாகப் பாடுவதும், தூக்கம் வரும்போது வசனத்தை உண்மையாகச் சொல்வதும் இப்படித்தான் பழக்கமாகின்றன.

இதில் குரல்தான் மெதுவாக மாறுவது, அதற்குத்தான் நாலு வருடம் தேவைப்படுகிறது. ஒரு மாணவி ஞாபகத்துக்கு வருகிறாள். மேலே போகும்போது மார்புக் குரலை, அதாவது பேச்சுக்குரல் போன்ற கனமான குரலை, தூக்கித் தூக்கி முட்டுவாள், ஒரு குறிப்பிட்ட சுரத்தில் குரல் உடைந்துவிடும், ஒவ்வொரு தடவையும் அதே இடம். ஆசிரியை பாட்டை நிறுத்தச் சொன்னார். தெருவின் அந்தப் பக்கம் போகிற தோழியைக் கூப்பிடுகிற மாதிரி "ஏய்!" என்று கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டாள். அது எந்தச் சுரம் என்று என்னைப் பார்த்தார், நான் விசையை அழுத்தினேன். அவள் உடைந்துபோகிற சுரத்துக்கு அரைச் சுரம் மேலே இருந்தது. வகுப்பே அமைதியாகிவிட்டது. பேச்சில் வலிக்காமல் வந்த அதே இடத்தைப் பாட்டுக்குள் கொண்டுவர அவளுக்கு அதன் பிறகு ஒன்றரை வருடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே வேலை தேடிக்கொண்டே இதைச் செய்திருந்தால், உடையும் இடத்தை முட்டிக் கடக்கத்தான் பார்த்திருப்பாள். குரல்நாணில் முடிச்சு விழுவது பெரும்பாலும் அப்படித்தான்.

கர்நாடகப் பாட்டு கற்ற பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் ஒன்று அதைப் பெரிதாக நினைக்கிறார்கள் அல்லது பயனே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். சுருதி சுத்தமும் தாளக் கட்டுப்பாடும் அவர்களிடம் நன்றாக இருக்கும், ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்வார்கள். சிக்கல் வேறு இடத்தில். மேலே மெல்லியதாக ஒலிக்கும் தலைக் குரலைக் கள்ளக்குரல் என்று ஒதுக்கிப் பழகியிருப்பார்கள், அதனால் பழைய பாணிப் பாட்டுகளுக்குத் தேவையான, கிளாசிக்கல் சாயலுள்ள 'லெஜிட்' குரல் வளர்ந்தே இருக்காது. நீளமாக நிற்க வேண்டிய சுரத்தில் தானாக ஒரு அசைவு வந்து உட்காரும். கீழே பியானோவில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறும்போது தன் சுரம் எங்கே நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் இருக்காது. எல்லாம் ஒரு வருடத்தில் சரியாகக்கூடியவை, இப்போதே தொடங்கினால். நாட்டியமும் அப்படியே: அரைமண்டி கொடுத்த தொடை பலம் வேறு யாருக்கும் இருக்காது, ஆனால் எடையைத் தரையில் இறக்கிப் பழகிய உடம்பு பாலேயில் அதை மேலே தூக்கக் கற்க வேண்டும். வாரம் இரண்டு பாலே வகுப்பு, இன்றைக்கே.

பட்ட வகைகளைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) என்றால் பாடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேடைப் பயிற்சியே. பி.ஏ. என்றால் பொதுப் பாடங்கள் அதிகம், இரண்டாவதாக வேறொரு துறையையும் சேர்த்துப் படிக்க இடம் இருக்கும். பி.எம். (இசை இளங்கலை) இசைப் பள்ளிக்குள் நடப்பது, பாட்டும் கோட்பாடும் கனமாக இருக்கும். பி.எஃப்.ஏ.தான் உசத்தி என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'ஹாமில்டன்' எழுதிய லின்-மானுவல் மிராண்டா படித்தது பல துறைகளையும் கற்றுத்தருகிற வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், தன் 'இன் தி ஹைட்ஸ்' நாடகத்தை எழுதத் தொடங்கியதும் அங்கேதான். எழுதவும் இயக்கவும் ஆசை இருக்கிற, நாலு விஷயத்தில் மனம் போகிற பிள்ளையைக் காலை முதல் இரவு வரை ஒரே கட்டடத்தில் வைத்தால் வாடிப்போகும்.

அப்புறம் ஆடிஷன். இங்கேதான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன, ஏனென்றால் மதிப்பெண்ணும் கட்டுரையும் நன்றாக இருந்தால் இடம் கிடைக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. பெயர்பெற்ற கல்லூரிகளில் ஒரு வருடத்துக்கு எடுப்பது இருபது பேர் அளவில்தான், விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். அதனால் பிள்ளைகள் பன்னிரண்டு, பதினைந்து கல்லூரிகளுக்குப் போடுகிறார்கள். முதலில் வீடியோ அனுப்ப வேண்டும், இலையுதிர் காலத்தில்: ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாட்டுகளின் சின்னப் பகுதிகள், ஒரு வசனம், நடனத் துண்டு. அதில் தேறினால் நேரில். பல கல்லூரிகள் ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க், சிகாகோ போன்ற ஊர்களில் ஒரே இடத்தில் கூடி ஆடிஷன் வைப்பார்கள், ஒரே வார இறுதியில் ஐந்தாறு முடித்துவிடலாம். மார்ச் கடைசிக்குள் முடிவு வந்துவிடும், மே 1க்குள் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்பு முடிந்த கோடையிலேயே பாட்டுகள் தயாராக இருக்க வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

அறைக்குள் கிடைப்பது மூன்று, நாலு நிமிடம். அதில் முதல் அரை நிமிடம் என்னிடம்தான் போகும், அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு பையன், அருமையான குரல், உடையாத ஒரு மென்மை. கொண்டுவந்த நொட்டேஷன் தாள்கள் ஜெராக்ஸில் அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தன, இடது கைக்கான கடைசி வரியே இல்லை. தைக்காத தனித்தாள்கள் வேறு. இரண்டாவது பக்கம் திருப்பும்போது ஏசி காற்றில் ஒன்று பறந்து பெடலுக்கு அடியில் போய்விட்டது. ஞாபகத்திலிருந்து வாசித்து ஒப்பேற்றினேன், ஆனால் அவன் கண் பாட்டை விட்டு என் பக்கம் திரும்பிவிட்டது, அதன் பிறகு பாட்டு திரும்பவே இல்லை. வளையம் போட்ட ஃபைலில், இரண்டு பக்கமும் அச்சிட்ட தாளாக, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெளிவாகக் குறித்து, சரியான ஸ்ருதிக்கு மாற்றி அச்சிட்டு வைக்கட்டும். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்கக் கூடாது, முதல் வரியை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லப் பாடிக் காட்டினால் போதும், வேகமும் சுவாசமும் எனக்கு ஒன்றாகத் தெரிந்துவிடும்.

பாட்டுத் தேர்விலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. மிக உயரமான சுரம் உள்ள பாட்டைத் தேடுவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தச் சுரத்தை அன்று காலையிலேயே முப்பது தடவை கேட்டிருப்பார்கள். அவர்கள் பார்ப்பது, இந்தப் பிள்ளை யாரிடம் பேசுகிறது, எதைக் கேட்டுப் பெற நினைக்கிறது, நாலு வருடம் சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்பதை. பாதியில் நிறுத்தி "இதையே உன் தங்கைக்கு ரகசியம் சொல்வது போலப் பாடு" என்பார்கள். அந்த இடத்தில் மாறிப் பாடத் தெரிந்தவளை எடுப்பார்கள். ஆகவே வீட்டில் ஒரே மாதிரி நூறு தடவை பழகாமல், நாலு விதமாகப் பழகட்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பட்டியல்களில் வருகிற வரிசை எண்ணைப் பார்க்காதீர்கள். நான் என் பிள்ளைக்காகப் போனால் இதைத்தான் கேட்பேன்: தனிக் குரல் பாடம் வாரத்துக்கு அரை மணியா ஒரு மணியா, அது நாலு வருடமும் ஒரே ஆசிரியரிடமா? முதல் வருடம் மேடை ஏற விடுவீர்களா? ஒரு நாடகத்துக்கு எத்தனை வேடம், எத்தனை மாணவர், கடைசி வருடம் வரை ஒரு பெரிய வேடம்கூடக் கிடைக்காமல் போகிறவர்கள் எத்தனை பேர்? இரண்டாம் வருடக் கடைசியில் சிலரை வெளியேற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறதா? குரல் கெட்டால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? கேமரா முன்னால் நடிக்கவும் வீட்டிலிருந்தே ஆடிஷன் வீடியோ எடுக்கவும் சொல்லித்தருவீர்களா? கொரோனாவுக்குப் பிறகு முதல் சுற்று ஆடிஷன் நிறைய வீடியோவில்தான் நடக்கிறது. பதிலைவிட, பதில் சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கல்லூரியில் இரண்டாம் வருட மாணவர்கள் ஆசிரியர் இல்லாத நேரத்திலும் பார்வையாளர்களிடம் பேசப் பயந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்ப மாட்டேன். உங்கள் மகளை ஒரு நாள் வகுப்புகளில் உட்கார விடச் சொல்லுங்கள். தவறு செய்த மாணவனை அந்த அறை எப்படி நடத்துகிறது என்பதை அவளே வந்து சொல்வாள்.

இப்போது பணம். என் மனதில் அதிகமாக உறுத்துவது இதுதான். தனியார் கல்லூரிகளில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டுகிறது. பெற்றோரைச் சார்ந்திருக்கிற மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடன் முதல் வருடம் 5,500, அடுத்து 6,500, பிறகு இரண்டு வருடம் 7,500 வீதம், ஆக 27,000 டாலர். அதற்கு மேல் எது வாங்கினாலும் பெற்றோர் தலையில் அல்லது பெற்றோர் கையெழுத்தில். அந்த 27,000தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காரணம் இருக்கிறது. பிராட்வேயில் நடிகர் சங்க ஒப்பந்தப்படி குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 2,000 டாலருக்கு மேல், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிராட்வே என்பது 41 அரங்குகள். படித்து முடித்த முதல் ஐந்து வருடம் பெரும்பாலும் கோடைக்கால நாடகக் குழுக்கள், வெளியூர் அரங்குகள், சுற்றுப்பயணம், சொகுசுக் கப்பல் என்று எட்டு வாரம், பத்து வார வேலைகளாக வரும், நடுவில் ஒன்றும் இல்லாத மாதங்கள் வரும். மாதாமாதம் பெரிய தவணை கட்ட வேண்டியவள் சம்பளம் குறைந்த நல்ல வேடத்தை ஏற்க முடியாது, நாள் முழுக்க ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வாள், பகல் ஆடிஷன்களுக்குப் போக முடியாது. திறமை குறைந்து விட்டுப்போனவர்களைவிட, கடனால் விட்டுப்போனவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெயர் குறைந்த ஒரு மாநிலக் கல்லூரி நல்ல உதவித்தொகை கொடுத்து, அங்கே ஒரு நல்ல குரல் ஆசிரியரும் இருந்தால், யோசிக்காமல் அங்கே போகச் சொல்வேன். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தால், ஒன்று கொடுத்த உதவித்தொகையைக் காட்டி மற்றதிடம் மரியாதையாகக் கேட்கலாம், கூட்டித் தருவதும் உண்டு.

நம் குடும்பங்களில் விசா பிரச்சினையும் இருக்கும், அதை இப்போதே பேசிவிடுங்கள். மகள் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருந்தால் மேலே சொன்ன அரசுக் கடன் கிடைக்காது. 21 வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். படிப்பு முடிந்ததும் துறை சார்ந்த வேலை செய்ய ஓ.பி.டி. என்கிற அனுமதியில் ஒரு வருடம் கிடைக்கும், அறிவியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு இதற்கு இல்லை. அதற்குப் பிறகு கலைஞர்களுக்கான ஓ-1 விசா மாதிரி ஏதாவது வழி தேட வேண்டும். இந்தத் துறையில் நிறுவனம் ஒன்று விசா போட்டு வைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இருபத்தைந்து வயது வரைக்குமான பாதையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படிப்பு முடியும்போது என்ன நடக்கும் என்றும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கடைசி வருடம் பல கல்லூரிகள் மாணவர்களை நியூயார்க் கூட்டிப்போய், நடிகர்களுக்கு வாய்ப்பு தேடித்தரும் ஏஜென்ட்கள் முன்னால் பாட வைக்கும். சிலருக்கு அன்றே அழைப்பு வரும், சிலருக்கு ஒன்றும் வராது, அன்று இரவு அழுவார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏஜென்ட் இல்லாமல் விடியற்காலையில் வரிசையில் நின்று, சங்க உறுப்பினர்கள் பாடி முடித்தபின் நேரம் மிஞ்சினால் பாடி, அப்படியே முதல் வேலை வாங்கியவர்களும் என் மாணவர்களில் இருக்கிறார்கள். அந்த வேலைகளில் கல்லூரியில் சலிப்போடு கற்றதுதான் கைகொடுக்கிறது. கோடைக்கால அரங்குகளில் இரவு ஒரு நாடகம் நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததைப் பத்துப் பதினைந்து நாளில் கற்றுக்கொள்ள வேண்டும். 'ஸ்விங்' என்று ஒரு வேலை உண்டு, கோரஸில் ஐந்தாறு பேருடைய பாட்டு, அடவு, நிற்கிற இடம் எல்லாவற்றையும் மனதில் வைத்து, யார் வராவிட்டாலும் அன்று மாலை அவர் இடத்தில் போய் நிற்பது. நொட்டேஷன் பார்த்துப் பாடத் தெரியாதவர்களுக்கு அது மிகவும் சிரமம். நான் அறிந்தவரை வேலை விட்டு வேலை கிடைத்துக்கொண்டே இருப்பது அந்த ஆட்களுக்குத்தான்.

இந்தக் கோடைக்கு மூன்று காரியம். மியூசிக்கல் தியேட்டர் பாட்டு சொல்லித்தரும் ஒரு குரல் ஆசிரியர், அந்த பாலே வகுப்பு, அப்புறம் மாதத்தில் இரண்டு தடவையாவது ஒரு பியானோக்காரரோடு நேரில் பாடுவது. ஃபோனில் ஓடும் டிராக்கோடு மட்டும் பழகியவர்கள் உயிருள்ள பியானோ ஒரு கணம் தாமதித்தால் தடுமாறிவிடுகிறார்கள். கடைசிச் சுரத்தை முடித்தவுடன் 'சரியாக வந்ததா' என்று கேட்கிற மாதிரி முகத்தைச் சுளிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் இப்போதே விடட்டும். பாட்டு அவள் வாயில் முடிந்தாலும் என் கையில் இன்னும் இரண்டு பார் (தாளக் கட்டம்) மிச்சம் இருக்கிறது, அது அடங்கும்வரை அந்தப் பாத்திரமாகவே நிற்கட்டும்.